நம் தெருவில் எத்தனை பேருக்கு மறதிநோய்? வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 120 வீடுகள். எனக்குத் தெரிந்தே நாலு பெரியவர்களுக்கு டிமென்ஷியா என்கிறார்கள். நான் வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்குக்கூட இப்படி இருந்ததாக நினைவில்லை. பேச ஆளில்லாத ஃபிளாட் வாழ்க்கைதான் காரணமா? இது நகரத்து நோயா?
– வாசகி, மடிப்பாக்கம்

நாலு பேர் என்பது அதிகம் இல்லை அம்மா, கிட்டத்தட்ட கணக்குக்குச் சரியாகவே வருகிறது. லாசி-டேட் என்று ஒரு பெரிய ஆய்வு. நாடு முழுக்க அறுபது வயதைத் தாண்டிய நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்து 2023ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா, மொத்தத்தில் சுமார் 88 லட்சம் பேர். நகரங்களை மட்டும் எடுத்தால் 5.3. உங்கள் 120 வீடுகளில் அறுபது தாண்டியவர்கள் எழுபது பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேர் வந்துவிடுகிறது.

கிராமம் எவ்வளவு தெரியுமா? 8.4. அதாவது நகரத்தைவிட அதிகம். ஆண்களில் 5.8, பெண்களில் 9. இதற்குப் பெரிய காரணம் பள்ளிக்கூடம். சின்ன வயதில் படித்த ஆண்டுகள் கூடக் கூட மூளைக்குத் தாங்கும் சக்தி கூடுகிறது, நோய் உள்ளே வந்தாலும் தள்ளாட்டம் வெளியே தெரியத் தாமதமாகிறது. இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிற கிராமத்துப் பெண்களில் எத்தனை பேரை ஐந்தாம் வகுப்பைத் தாண்ட விட்டோம்? அதன் பலன் இப்போது எண்ணிக்கையாக வந்து நிற்கிறது.

சரி, அப்படியென்றால் உங்கள் ஊரில் ஏன் யாரும் கண்ணில் படவில்லை? அந்தக் காலத்தில் எண்பதைத் தொட்டவர்களே குறைவு, அது ஒன்று. தொட்டவர்களுக்கு வந்தாலும் "பாட்டிக்குப் புத்தி தடுமாறிடுச்சு", "சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டாங்க" என்று சொல்லி, சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து, திண்ணையில் உட்கார வைத்துவிடுவோம். நோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அதனால் யாரும் எண்ணவும் இல்லை.

இது என் ஊகம் இல்லை, சென்னையிலேயே நடந்தது. 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு, கியூபா, பெரு, சீனா, மெக்சிகோ என ஏழு நாடுகளில் முதியவர்களை வீடு வீடாகப் போய்ச் சோதித்தது. உலகத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆனால் மக்களிடம் போய்ச் செய்கிற ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயர். இந்தியாவில் நகரத்துக்குச் சென்னையையும் கிராமத்துக்கு வேலூர்ப் பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள், 2008ல் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான வரையறையை வைத்துப் பார்த்தால் சென்னையில் 65 வயதைத் தாண்டியவர்களில் 1 சதவீதம்கூட இல்லை, வேலூர்க் கிராமங்களில் 0.3 சதவீதம். அதே ஆட்களை, படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி அந்தக் குழு தானே உருவாக்கிய முறையில் கணக்கிட்டால் சென்னையில் 7.5, வேலூரில் 10.6!

ஒரே மனிதர்கள், ஒரே வீடு, இத்தனை வித்தியாசம் எப்படி? வழக்கமான வரையறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மறதியால் அன்றாட வேலையும் மற்றவர்களோடு பழகுவதும் கெட்டிருக்க வேண்டும். அதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் போய் "அம்மாவுக்கு வேலை செய்வதில் சிரமம் உண்டா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்காங்க" என்றுதான் பதில் வரும். பொய் சொல்லவில்லை, அம்மாவுக்கு வேலையே எதுவும் விடவில்லை. காப்பி கைக்கு வருகிறது, மாத்திரையை மருமகள் பிரித்துத் தருகிறாள், பென்ஷனை மகன் எடுக்கிறான். எதையும் செய்ய வேண்டியிராதவருக்கு எதுவும் முடியாமல் போனது எப்படித் தெரியும்? பிறகு வந்த லாசி-டேட் கணக்கும் அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதனால் நான் எந்த வீட்டிலும் "சிரமம் உண்டா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "போன தீபாவளிக்கு அவங்களே செஞ்சு, இந்தத் தீபாவளிக்கு நீங்க செஞ்சு கொடுத்தது என்னென்ன?" என்று கேட்கிறேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நகரத்துக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. கிராமத்தில் பெரியவர் வழி தவறினால் டீக்கடையில் இருப்பவர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார். நகரத்தில் ஒரே நிறக் கதவு, ஒரே மாதிரி மாடி, லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது, பேங்கிலிருந்து வந்த ஓடிபியை எங்கே போடுவது என்று எல்லாமே நினைவைச் சோதிக்கிறது, அதனால் நோய் சீக்கிரம் வெளிப்பட்டுவிடுகிறது. அப்புறம் பிரஷர், சுகர். கொச்சி நகரத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2005ல் வெளியான ஆய்வில் டிமென்ஷியா இருந்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு அல்சைமர், 39 சதவீதம் பேருக்கு மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் வந்தது. இந்த இரண்டாவது வகை நாம் குறைக்கக் கூடியது. நீங்கள் சொன்ன பேச ஆளில்லாத தனிமையும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற காரணங்களில் ஒன்று, அதில் உங்கள் கணிப்பு சரி.

கேள்வி: எனக்கு 48 வயது. தெரிந்தவர்கள் பெயர் சட்டென்று வருவதில்லை. என் அப்பாவுக்கு 80 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?
– வாசகர், கோவை

கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்க்கிறீர்கள். "நம்ம காரைக்குடி சித்தப்பாவோட மச்சான், பேங்க்ல இருந்தாரே, பேருதான் வாய்ல வரமாட்டேங்குது" என்று தவிக்கிறீர்கள், ராத்திரி படுக்கும்போது பெயர் தானாக வந்துவிடுகிறது. இது நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் நடப்பது. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, மறுநாள் "கல்யாணம் எப்போ?" என்று கேட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்பாவுக்கு எண்பதில் வந்தது என்பதால் உங்களுக்கும் நாற்பத்தெட்டில் வரும் என்று பொருள் இல்லை. ஐம்பதுக்குள் வருகிற பரம்பரை வகை மிக அரிது, அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் தலைமுறைதோறும் இளவயதிலேயே வந்திருக்கும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள், தைராய்டும் பி12ம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 74. தினமும் வாசலில் சிக்குக் கோலம் போடுவார். ஆறேழு மாதமாகப் புள்ளி வைத்துவிட்டு, கோட்டை எங்கே திருப்புவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் அழித்துவிட்டு நாலு கோடு இழுத்துவிட்டு வந்துவிடுகிறார். ரசத்தில் இரண்டு தடவை உப்பு. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் "நான் வீடியோ காலில் பேசுகிறேனே, நன்றாகத்தானே இருக்கிறார், நீ பயமுறுத்துகிறாய்" என்கிறான். இங்கே பார்த்த டாக்டரும் "வயதானால் அப்படித்தான்" என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

நீங்கள் பார்த்ததை நம்புங்கள். ஐம்பது வருஷம் கை தானாகப் போட்ட கோலம் நின்றுபோவதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. புள்ளிகளுக்கு நடுவே கோட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஆரம்பித்த இடத்தில் சேர்ப்பதற்கு இடத்தை உணர்கிற திறமை, வரிசை, கவனம் மூன்றும் வேண்டும். கடிகாரத்தை வரையச் சொல்லி நாங்கள் சோதிப்பதும் ஏறக்குறைய இதே திறமைகளைத்தான்.

அண்ணன் சொல்வதும் பொய்யாக இருக்காது. பத்து நிமிஷ வீடியோ காலில் "சாப்டியா, குழந்தைங்க எப்படி இருக்கு, அங்க குளிரா" என்று பேச நினைவு வேண்டாம், பழக்கம் போதும். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் அந்தப் பத்து நிமிஷத்துக்குத் தங்களைத் திரட்டிக்கொண்டு அழகாகப் பேசிவிடுவார்கள். என் அறையிலும் அதையே பார்க்கிறேன். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்பேன். அம்மா சிரித்துக்கொண்டே "எந்தக் கிழமையா இருந்தா எனக்கென்ன டாக்டர், ஆபீசுக்கா போகப் போறேன்" என்பார், சொல்லிக்கொண்டே தலை மெதுவாகப் பக்கத்தில் இருக்கும் மகள் பக்கம் திரும்பும். அடுத்த கேள்விக்கும் திரும்பும். பதிலைவிட அந்தத் திரும்பலைத்தான் நான் குறித்துக்கொள்கிறேன். அண்ணனை அடுத்த முறை ஒரு வாரம் வந்து வீட்டில் தங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் காலையில் அம்மா கோலம் போடும்போது முழுதாக வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

"வயதானால் அப்படித்தான்" என்று அனுப்பிவைப்பதில் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இதே அறிகுறிகளோடு வருபவர்களில் சிலருக்குக் காரணம் சரிசெய்யக் கூடியதாக இருக்கும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, கட்டுக்குள் இல்லாத சுகர், இதற்கெல்லாம் மருந்து உண்டு. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சளி அலர்ஜிக்கு வாங்கும் சில மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் சில மருந்துகள் முதியவர்களின் நினைவைக் குழப்பும். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாரா என்று நன்றாக யோசியுங்கள். தலையில் லேசாக அடிபட்டு, அப்போது ஒன்றும் தெரியாமல், மண்டைக்குள் மெல்ல ரத்தம் சேர்ந்து, வாரங்கள் கழித்துக் குழப்பமாக வெளிப்படுவது முதியவர்களிடம் உண்டு. ஸ்கேனில் தெரியும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் தேறிவிடுவார்கள். மறதியோடு, கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடையும் சிறுநீர் கட்டுப்பாடின்மையும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. இரண்டே நாளில் திடீரென்று ஆள் மாறிவிட்டால் டிமென்ஷியா என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் இல்லை, அல்சைமர்தான் என்று முடிவானாலும் தெரிந்துகொள்வதில் லாபம் உண்டு. டோனபெசில், மெமன்டின் போன்ற மருந்துகள் நோயைக் குணப்படுத்தாது, ஆனால் சிலருக்குக் கொஞ்ச காலம் அன்றாட வாழ்க்கை எளிதாகிறது. யாரிடம் போவது என்றால், முதியோர் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் மூவரில் யாராக இருந்தாலும் சரி. அரசு வழியில் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு நெடுங்காலமாக நடக்கிறது, கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் 2024ல் திறந்திருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு டிமென்ஷியாவுக்காக நடத்தும் டெம்கேர்ஸ் பிரிவும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து அவ்வளவு தூரம் முடியாவிட்டால் திருச்சி அரசு மருத்துவமனையில் ஆரம்பியுங்கள், முதல் ரத்தப் பரிசோதனைகளுக்கு சென்னை வரத் தேவையில்லை.

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன என் அப்பா சாயங்காலம் ஆறு மணி ஆனால் பையை எடுத்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுகிறார். இதுதான் வீடு என்று சொன்னால் அடிக்க வருகிறார். கதவைப் பூட்டலாமா?
– வாசகர், அம்பத்தூர்

"இதுதான் வீடு" என்று வாதாடாதீர்கள், அவருக்குள் இருக்கிற வீடு நாற்பது வருஷத்துக்கு முந்தைய ரயில்வே குவார்ட்டர்ஸாக இருக்கலாம். "சரிப்பா, போகலாம், காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று உட்கார வைத்து, அந்த வீட்டைப் பற்றியே கேளுங்கள். வாசலில் என்ன மரம், ஷிஃப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வருவார் என்று பேச்சுக் கொடுங்கள். பலருக்குப் பேசப் பேச அவசரம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கூடவே இறங்கித் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்குத் திரும்பி வாருங்கள், பல சமயம் அதுவே அவருக்கு வீடு வந்து சேர்ந்ததாகிவிடும். மாலையில் குழப்பம் கூடுவது இந்த நோயில் நிறையப் பார்ப்பது. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், டிவி செய்திச் சத்தத்தைக் குறையுங்கள். பசியா, மலச்சிக்கலா, எங்காவது வலியா என்றும் பாருங்கள், அவரால் அதைச் சொல்ல வராது, கிளம்புவதாகத்தான் வெளிப்படும்.

அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போகவே கூடாது. தீப்பிடித்தால் என்ன ஆகும்? நீங்கள் வீட்டில் இருக்கும்போது கண்ணுக்குப் படாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுவது தவறில்லை. சமையல் முடிந்ததும் கேஸை ரெகுலேட்டரிலேயே மூடுங்கள். சட்டைப் பைக்குள் உங்கள் செல் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். வாட்ச்மேன், மளிகைக் கடைக்காரர், இஸ்திரிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, இவர்களிடமெல்லாம் அப்பாவின் போட்டோவைக் காட்டிச் சொல்லிவைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். அப்படியும் காணாமல் போய்விட்டால் "வந்துடுவார், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று உட்காராமல் உடனே 112க்குச் சொல்லிவிட்டு, பழைய வீடு, பழைய ஆபீஸ், வழக்கமான கோயில், ரயில்வே ஸ்டேஷன் என்று தேடுங்கள். அவர் பெரும்பாலும் பழகிய பாதையில்தான் போயிருப்பார்.

கேள்வி: அப்பாவின் பெயரில் வீடும் பேங்க் டெபாசிட்டும் இருக்கிறது. ஆரம்ப நிலை டிமென்ஷியா என்கிறார்கள். இப்போதே பவர் எழுதி வாங்கிவிட்டால் போதுமா?
– வாசகர், மதுரை

போதாது. நம் சட்டப்படி, பவர் எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் முடிந்துவிடுகிறது, அதாவது உங்களுக்கு அது மிகவும் தேவைப்படுகிற சமயத்தில் கையில் இருக்காது. ஆரம்ப நிலையிலேயே, அவர் புரிந்துகொண்டு சம்மதிக்கும்போதே, கணக்குகளை இருவரில் யாரும் எடுக்கக் கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், எல்லாவற்றுக்கும் நாமினி போடுங்கள். உயில் எழுத விரும்பினால் அன்றைய தேதியில் அவர் தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழோடு எழுதட்டும். எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது செய்யுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சண்டை கோர்ட்டுக்குப் போகும். நோய் முற்றிய பிறகு சொத்தைக் கையாள உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளராக உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அதற்கு வக்கீல் உதவி தேவை. பென்ஷனுக்கான உயிர்ச்சான்றை இப்போது முகத்தைப் படம் பிடித்தே வீட்டிலிருந்து செல்போனில் கொடுத்துவிடலாம், இழுத்துக்கொண்டு பேங்குக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: தினமும் குறுக்கெழுத்துப் போட்டி போட்டால் மறதிநோய் வராதா?
– வாசகர், திருநெல்வேலி

பிடித்திருந்தால் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024ல் பதினான்கு காரணங்களைச் சொல்லி, இவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. பிரஷர், சுகர், கெட்ட கொலஸ்ட்ரால், புகை, குடி, உடல் பருமன், உடற்பயிற்சியின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. நம் வீடுகளில் கண்டுகொள்ளாமல் விடுகிற இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று காது, இன்னொன்று கண். காது கேட்காத தாத்தாவிடம் கத்திக் கத்திப் பேசி அலுத்து, கடைசியில் பேசுவதையே விட்டுவிடுகிறோம். அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுப்பதும், பாட்டியின் கண்புரையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளாமல் இந்த மாதமே எடுப்பதும் மூளைக்கும் செய்கிற வைத்தியம். ஹெல்மெட்டும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கேள்வி: மாமனாருக்கு ஐந்து வருஷமாக இந்த நோய். குளிப்பாட்டுவது முதல் எல்லாம் நான்தான். நேற்று ராத்திரி கோபத்தில் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அப்புறம் அழுதேன். நாத்தனார்கள் போனில் அட்வைஸ் மட்டும் சொல்கிறார்கள். நான் கெட்டவளா?
– பெயர் வேண்டாம், சென்னை

இல்லை அம்மா. ஐந்து வருஷம் சரியான தூக்கம் இல்லாமல் ஒரே ஆள் பார்த்தால் யாருக்கும் கை நீளும் இடம் வரும். ஆனால் அது மறுபடி நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும், அவருக்கும் எலும்பு முறியலாம். அந்த மாதிரி ஆத்திரம் வரும் சமயத்தில் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். அழுக்குத் துணியோடு அவர் ஐந்து நிமிஷம் இருந்தால் ஒன்றும் ஆகாது. ராத்திரித் தூக்கம் கெடுவதையும் அவர் முரண்டு பிடிப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், செய்யக் கூடியது இருக்கும். குளியல் தினமும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தாலும் போதும்.

நாத்தனார்களிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் அட்வைஸ்தான் வரும். "ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கு வந்து சாயங்காலம் ஆறு வரை அப்பாவோடு இருங்கள், நான் வெளியே போகிறேன்" என்று கேளுங்கள். வர முடியாதவர்கள் வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும். உங்கள் கணவரும் இதில் தப்ப முடியாது, அவருடைய அப்பா, ராத்திரி முறையில் பாதி அவருடையது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களை அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளை நடத்துகிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள், உங்களை மாதிரியே தள்ளிவிட்டு அழுத பத்துப் பேர் அங்கே இருப்பார்கள். வெளியே போக முடியாத நாளில் மனசு தாங்காவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். முதியோர் தொடர்பான வேறு உதவிகளுக்கு 14567.

உங்கள் கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமனாரை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது உங்கள் பிரஷரையும் சுகரையும் அங்கேயே பார்த்துக்கொண்டு வாருங்கள்.